முப்பத்திநாலில் நின்ற கடல்

தொட்டியில் உப்பு குறைந்துவிட்டால் அந்த அம்மாள் இரும்பு ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, நாலு சொட்டு அழுது சரிக்கட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விடுவாராம். பல் பிடுங்கிக்கொள்ளக் காத்திருந்த வரிசையில் எனக்குக் கிடைத்த செய்தி இது. சொன்னவருக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. செய்தியிலும் கொஞ்சம் வீக்கம் இருக்கும் என்று கழித்துக்கொண்டேன். அவருக்குச் சொன்னவர் மீன் காட்சியகத்தில் சீட்டுக் கிழிப்பவர். சீட்டுக் கிழிப்பவருக்குச் சொன்னவர் அங்கே கண்ணாடி துடைக்கும் பெண். அந்தப் பெண் தன் கண்ணாலேயே பார்த்தாளாம். கண்ணால் பார்த்த ஆள் ஒருவர் இருக்கிற வதந்தி லேசில் கிடைக்காது. பல் போன மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மீன் காட்சியகம் ஒரு பழைய வணிக வளாகத்தின் நிலவறையில் இருக்கிறது. மேலே செருப்புக் கடை, துணிக் கடை, பூட்டிக் கிடக்கும் பொம்மைக் கடை. கீழே கடல். நிஜக் கடலுக்கு இங்கிருந்து ஓர் இரவும் அரைப் பகலும் ரயிலில் போக வேண்டும் என்பதால் இங்கே கடலைத் தயாரிக்கிறார்கள். குழாய் நீரைப் பிடித்து, வடிகட்டி, மூட்டை உப்பைக் கொட்டிக் கலக்கி, ஒரு நாள் ஓடவிட்டால் கடல் ரெடி. பெரிய தொட்டி மட்டும் நாற்பதாயிரம் லிட்டர். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். அதற்கு நூற்று நாற்பது கிலோ உப்பு. இருபத்தாறு வருடமாக இதைச் செய்துவருகிறவர்தான் நம் ஏணி அம்மாள். எல்லோரும் உப்பக்கா என்கிறார்கள். மேலாளர் மட்டும் பதவிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அது நீளம் என்பதால் பாதியிலேயே அவருக்கு மூச்சு நின்றுவிடும்.

ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதற்குள் இரண்டு ஜோடி காலுறை. மூக்குக் கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்து, மடக்கும்போது கிறீச்சிடுகின்றன. கையை எந்த ஆழம் வரை தொட்டியில் விட்டாரோ அந்த இடத்தில், முழங்கைக்கு மேலே, உப்பு காய்ந்து ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு கையிலும் ஒரே உயரத்தில் இருப்பதால் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ நகை மாதிரி தெரியும்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "நீங்க தொட்டியில அழுது உப்பை ஏத்துறீங்களாமே?"

உப்பக்கா மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "யாரு, கண்ணாடி துடைக்கிறவ சொன்னாளா? ஏன் சார், பத்திரிகையில எழுதுறீங்க, ஒரு கணக்குப் போட்டுப் பாக்க வேணாமா? கடல் தண்ணில லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் உப்பு. கண்ணீர்ல ஒம்போதுதான். நான் அழுதா உப்பு குறையும். நீங்க, நான், மேல இருக்கற செருப்புக் கடைக்காரங்க எல்லாரும் சேந்து அழுதாலும் குறையத்தான் குறையும்."

கண்ணீரையும் கடலையும் சேர்த்து எழுதியே பிழைப்பை ஓட்டுகிற கவிஞர்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உப்பக்கா கழுத்திலிருந்து உப்பு அளக்கிற ஒரு குழலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஷூ லேஸில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பைனாகுலரை நடுவே வெட்டிப் பாகப்பிரிவினை செய்தால் ஒருவர் பங்குக்கு வருமே, அந்த மாதிரி இருக்கும். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் ஒரு சொட்டு நீரை வைத்து மூடி, விளக்கைப் பார்த்துத் திருப்பி, மறுமுனையில் கண்ணை வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் எண். பெரிய தொட்டி நீரை வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து.

"கடல்," என்றார் உப்பக்கா, சொந்த வீட்டைக் காட்டுகிற தோரணையில்.

நிஜக் கடலைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கணவரோடு போய்ப் பார்த்திருக்கிறார். அலையில் கால் நனைப்பதற்கு முன் ஒரு சொட்டு எடுத்துக் குழலில் விட்டார். அதற்கு முந்தின வாரம் நல்ல மழை. பக்கத்திலேயே ஆறு வந்து கலக்கிற இடம். "கடல்னு பேரு. முப்பத்தொண்ணுதான் காட்டுச்சு. எங்க தொட்டியில அப்படி இருந்தா எனக்கு மெமோ குடுத்திருப்பாங்க." யாருக்கு மெமோ கொடுப்பது என்று தெரியாமல் அன்று மாலையே ரயிலேறிவிட்டார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்களாம். தொட்டியில் மட்டம் தினமும் ஒரு விரற்கடை இறங்கும். குறைந்தது கடல் நீர்தானே என்று கடல் நீரையே கலக்கி ஊற்றிவிடுவார்கள். "காத்துல போறது வெறும் தண்ணி சார். உப்பு எங்கயும் போகாது, உள்ளேயேதான் உக்காந்திருக்கும். அதனால நல்ல தண்ணிதான் ஊத்தணும்." இதை அறியாமல் அவரும் சேர்ந்த புதிதில் சின்னத் தொட்டி ஒன்றில் பத்து நாள் உப்பு நீரையே ஊற்றினார். பதினோராம் நாள் காலையில் நட்சத்திர மீன்கள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. குழலில் பார்த்தால் நாற்பத்தொன்று.

அப்போது பம்பு ஓட்டுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்ததால் மோட்டார் என்று பெயர். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அன்றைய கட்டத்தில் முப்பத்தைந்து என்று எழுதினார். ஐந்து நாள் அப்படியே எழுதினார். அந்த ஐந்து நாளும் இருவருமாகக் கொஞ்சம் மொண்டு எடுத்து, கொஞ்சம் நல்ல நீர் ஊற்றி, பதிவேட்டில் இருந்த எண்ணுக்குத் தொட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆறாவது மாதம் கல்யாணம்.

பெரிய தொட்டியில் ஒரு களவா மீன் இருக்கிறது. கதவு அகலம். கீழுதடு தொங்கும். தீனியைப் போட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதைத்தான் பெண் வீட்டில் போடுவீர்களா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாரும் இல்லாத சமயத்தில் சாப்பிட்டுவிடும். ஆகவே அதற்கு மாமனார் என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன் மாமனார் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மருந்து, உப்பைக் குறைப்பதுதான். உப்புக் குறைந்த நீரை மீன் தாங்கும். பூச்சி தாங்காமல் வெடித்துப்போகும். பின்னறையில் தனித் தொட்டியில் விட்டு, முப்பத்தைந்திலிருந்து பதினைந்துக்கு இறக்கி, ஒரு மாதம் பத்தியம்.

"மாமனாருக்கும் அது சுகமாத்தான் இருந்துச்சு சார். கடல் மீனுக்கு எப்பவும் தாகம். சுத்தி இருக்கற உப்பு அது உடம்புத் தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும். குடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் உசிரு. உப்பு குறைஞ்சா அந்த ஓயாத வேலை கொஞ்சம் குறையும்."

பத்தியம் முடிந்தபின் உப்பை ஏற்றுவதுதான் நுணுக்கம். நாளைக்கு ஒன்று. பதினாறு, பதினேழு, பதினெட்டு. அவசரப்பட்டு ஏற்றினால் மீன் செத்துப்போகும்.

இந்த இடத்தில் உப்பக்கா பேச்சை நிறுத்தி, மேலே யாரும் இருக்கிறார்களா என்று ஏணிப் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதே சமயத்தில் வீட்டில் இன்னொருவரும் பத்தியத்தில் இருந்தார். மோட்டாருக்கு இதயம் பழுது. ("ஊர்ப் பம்பையெல்லாம் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணினாரு, சொந்தப் பம்பைக் கவனிக்கல.") உப்பு கூடவே கூடாது என்று உத்தரவு. உப்பு சேர்ந்தால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் கால் வீங்கும், அப்புறம் நெஞ்சில் ஏறும். ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். அதிலிருந்து உப்பக்கா டப்பாவை ஒளித்து வைத்தார். துணி அலமாரியில், மேல் தட்டில், குடைக்குள் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். வாரத்துக்கு நூற்று நாற்பது கிலோ கொட்டுகிற கை, வீட்டில் ஒரு சிட்டிகையைக் குடைக்குள் ஒளித்தது.

"என்ன பெருசா கேக்குறேன்? ஒரு அவிச்ச முட்டை, மேல ஒரு சிட்டிகை" என்று தினமும் கேட்பாராம். ஒருநாள் பேச்சு முற்றி, "மீனுக்காவது மறுபடி ஏத்துறே, எனக்கு எப்போ?" என்றிருக்கிறார். உப்பக்கா வாய் தவறி, மாமனார் முப்பத்தைந்தைத் தொடுகிற அன்று உங்களுக்கும் ஒரு சிட்டிகை என்று சொல்லிவிட்டார். அன்றே மோட்டார் சுவரில் இருந்த நாட்காட்டியில் எழுத ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் மனைவி வந்ததும் எண்ணைக் கேட்டு, பென்சிலால் அன்றைய கட்டத்தில் எழுதுவார். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

"மாமனார் முப்பத்தஞ்சு தொட்ட அன்னிக்கு, மத்தியானம் பர்மிஷன் போட்டு டாக்டர்கிட்ட ஓடினேன் சார். ஒரே ஒரு சிட்டிகை குடுக்கலாமான்னு கேக்கத்தான். அவரு ரிப்போர்ட்டை எல்லாம் மறுபடி ஒரு தடவை பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. 'ஒரு சிட்டிகை என்னம்மா, இனிமே அவரு என்ன கேட்டாலும் குடுங்க'ன்னுட்டாரு."

உப்பக்கா பூட்ஸின் விளிம்பில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டினார்.

"கூடாதுன்னு சொல்லித் திட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

அங்கிருந்து நேராக வேலைக்கே திரும்பிவந்திருக்கிறார். ஏணியில் ஏறினார். அப்போது அழுதது உண்மை. கண்ணாடி துடைக்கும் பெண் பார்த்ததும் உண்மை. "ஆனா தொட்டியில இல்ல சார். வாளியில. தொட்டியில விழுந்துடக் கூடாதுன்னு கையில வாளியைப் புடிச்சுக்கிட்டுத்தான் அழுதேன்." வதந்தியில் திருத்தம் இவ்வளவுதான்: தொட்டி என்று வருகிற இடத்தில் வாசகர்கள் வாளி என்று படித்துக்கொள்ளவும்.

அன்று சாயங்காலம் மோட்டார் எத்தனை என்று கேட்டபோது, உப்பக்கா முப்பத்திநாலு என்றார். மறுநாளும் முப்பத்திநாலு என்றார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று தயங்கிக் கேட்டேன். "எழுதுங்க. அவருக்குப் பொடி எழுத்துத் தெரியாது. வாராவாரம் உங்க பக்கத்தை வாசிச்சுக் காட்டுறது நான்தானே?" என்றார். பிறகு, "வீட்டுக்கு வாங்களேன் சார். அவருக்கு வம்பு பேச ஆள் கிடைக்காம வாய் துருப்பிடிச்சுப் போச்சு," என்றார்.

வேலை முடிந்ததும் கூடவே போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் உப்பக்கா எங்கேயும் நிற்காமல், எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போனார். முழங்கைக்கு மேலே வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுகிற சத்தம் கேட்டது. உப்புக் கையோடு சமையலறைக்குள் போவதில்லை என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி.

மோட்டார் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கால்கள் முக்காலியில், தலையணை மேல், மைதா பிசைந்து வைத்ததுபோல. ஒரு காலத்தில் பெரிய உருவமாக இருந்திருக்க வேண்டும்; இப்போது சட்டை மட்டும் அந்த அளவில் இருந்தது. கைக்கெட்டும் சுவரில் நாட்காட்டி.

"வாங்க தம்பி. உங்க எழுத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போன வாரம் நகராட்சியைத் திட்டினீங்களே, பத்தாது. உங்களுக்கு வீட்டுல உப்புப் போட்டுத்தானே சோறு போடுறாங்க? ரோஷமா எழுத வேணாமா? நான்தான் உப்பில்லாமத் திங்குறவன், எனக்கு ரோஷம் கிடையாது. இவ என்ன திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்."

"சிரிக்கிறாரா? கேளுங்க சார், காலையில தண்ணி டம்ளரை விட்டெறிஞ்சாரு!" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"காலியா இருந்துச்சு தம்பி," என்றார் மோட்டார் என்னிடம் ரகசியமாக. "நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான் அளந்து குடுக்குறா. நாற்பதாயிரம் லிட்டரை ஓட்டினவன் நான்."

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் பார்வை நாட்காட்டிக்குப் போவதை அவர் கவனித்துவிட்டார். கோணல் எழுத்தில் எண்கள் வரிசையாக ஏறி, முப்பத்திநாலுக்கு வந்து, அங்கேயே நின்றிருந்தன. கடைசி வரிசை வரை முப்பத்திநாலு. இருபத்து மூன்று கட்டம்.

"ஒரு மீன் இருபத்து மூணு நாள் ஒரே எண்ணுல நிக்குமா? நான் அந்த வேலையில இருந்தவன். எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அடுப்பு மேடையில், எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில், எல்லோர் வீட்டிலும் இருப்பதுபோல உப்பு டப்பா இருந்தது. மூடிகூடச் சரியாக மூடவில்லை.

"ஒளிச்சு வைக்கிறதை நிறுத்திட்டா தம்பி. டாக்டர் என்ன சொன்னாருன்னு அதுலயே புரிஞ்சுபோச்சு. இங்கேருந்து எட்டு அடி. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நடந்தா போயிடலாம். பகல் பூரா நான் தனியாத்தான் இருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "முன்னாடின்னா, எடுத்தா கத்துவா, கையைத் தட்டி விடுவா. இப்போ நான் எடுத்தா ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அவ பேசாம நிக்கிறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

இதையும் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். "வாசிக்கிறப்போ இந்த இடத்தைத் தாண்டிடுவா. தாண்டுற இடத்துல ஒரு மூச்சு விடுவா, நான் அதை வெச்சே தெரிஞ்சுக்குவேன், போன வாரம்கூட நகராட்சியில ரெண்டு வரி காணோம்."

குழாய் நின்றது.

உப்பக்கா தட்டுகளோடு வந்தார். அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, நறுக்கிய வெள்ளரிக்காய். இரண்டு தட்டிலும் அதே சாப்பாடு, இரண்டிலும் உப்பு இல்லை. எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு தட்டு. அதில் ஓரமாகக் கொஞ்சம் உப்பு வைத்திருந்தார். விருந்தாளியாயிற்றே. நான் அதைத் தொடவில்லை. தொடவில்லை என்பதை இருவருமே பார்த்தார்கள். உருளைக்கிழங்கு நனைந்த காகிதம் மாதிரி இருந்தது.

"ஆமா, மாமனார் இப்போ எத்தனையில இருக்காரு?" என்றார் மோட்டார். வழக்கமாக மனைவியைத்தான் கேட்பாராம். அன்று என்னைக் கேட்டார். "பத்திரிகைக்காரரு நேர்ல பாத்துட்டு வந்திருக்காரு, சரியாச் சொல்லுவாரு."

காலையில் என் கண்ணாலேயே பார்த்தது. நீலமும் வெள்ளையும் தொட்டுக்கொண்ட கோடு. உள்ளே கதவு அகலத்துக்கு மாமனார், ஒரு புள்ளியும் இல்லாமல், கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பெரிய தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. உப்பக்கா முட்டையை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி பாதியில் நின்றது.

"முப்பத்திநாலு," என்றேன்.

"பாத்தியா, அச்சடிக்கிறவரே சொல்லிட்டாரு, இனி மறுபேச்சு ஏது?" என்றார் மோட்டார். எட்டிப் பென்சிலை எடுத்து, இருபத்து நாலாவது கட்டத்தில் எழுதினார். நாலின் கோடு பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் போய்விட்டது. பென்சிலை வைத்துவிட்டு, சொன்ன வாக்கைக் கேட்கிற பாவனையில், உள்ளங்கையை மனைவியின் பக்கம் நீட்டினார். தினமும் இப்படி நீட்டுவார் போலிருக்கிறது. அதில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை.

"நாளைக்கு," என்றார் உப்பக்கா.

அவர் தன் கையைத் துண்டில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு கணவர் நீட்டியிருந்த அந்த வெறும் உள்ளங்கையைத் தன் இடது கையில் தாங்கி, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கி, கட்டைவிரலைக் கடைசியாக மேலே வைத்து, உள்ளே இருப்பது சிந்திவிடக் கூடாது என்பதுபோல அழுத்தி மூடினார்.